சிப் பழுது என்று கழற்றும் முன்: கொமடோர் 64 எஸ்டி கார்ட் டிரைவுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

எஸ்டி2ஐஇசி என்ற கொமடோர் 64 கணினிக்கான எஸ்டி கார்ட் டிரைவைச் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். சோல்டரிங் முடிந்திருக்கும், போர்டும் வடிவாக இருக்கும். ஏடிமெகா சிப்புக்குள் ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் நிரலை) ஏற்றப் போகும்போது கணினி ஒரு பிழைச்செய்தியைக் காட்டும். வயரை அசைத்துவிட்டுத் திரும்பச் செய்தாலும் அதையே காட்டும். கடைசியில் "சிப் பழுது" என்று கழற்றி வைத்துவிட்டுக் கொழும்புக்கு இன்னொன்று சொல்லி அனுப்புவார்கள். அது வந்து சேர்ந்த பிறகு அதிலும் அதே செய்திதான் வரும்.

நாற்பது கால் ஏடிமெகா1284பி திருகோணமலையில் நினைத்தவுடன் வாங்கக்கூடிய சாமான் அல்ல. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இந்தச் சிப் லேசில் பழுதாவதில்லை. பதில் வராததற்குக் காரணம் அநேகமாகச் சிப்புக்கு வெளியே இருக்கும், அல்லது சிப்புக்குள் பிழையாகப் போட்ட ஒரு பிட்டில் இருக்கும். இரண்டையும் திருத்தலாம். அதற்கு ஒரு பழக்கம் வேண்டும்: எழுதுவதற்கு முன் வாசிப்பது. ஃபர்ம்வேரை ஏற்றும் முன் சிக்னேச்சரை (சிப் தன் வகையைச் சொல்லும் மூன்று பைட்) வாசியுங்கள், ஃபியூஸை (சிப் எப்படி ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பிட்கள்) மாற்றும் முன் இருக்கிற ஃபியூஸை வாசித்துக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

எதைச் செய்கிறோம் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொமடோர் 64 வெளிவந்தது 1982இல். அதன் 1541 டிஸ்க் டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 பிராசசரும் 2 கிலோபைட் ராமும் இருந்தன. ஒரு டிஸ்க்கில் 170 கிலோபைட் அளவுக்குத்தான் பிடிக்கும். அந்த டிரைவ் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலரையும் ஓர் எஸ்டி கார்டையும் வைப்பதுதான் எஸ்டி2ஐஇசி. ஃபர்ம்வேரை எழுதியவர் இங்கோ கோர்ப். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலநிரல் அது. கீழே நான் சொல்லும் கால் எண்கள் எல்லாம் நாற்பது கால் வடிவிலுள்ள ஏடிமெகா644பி, 1284பி சிப்புகளுக்கு உரியவை.

புரோகிராமரையே கணினி காணவில்லை

கணினியிலிருந்து சிப்புக்குள் ஃபர்ம்வேரை ஏற்றும் கருவிதான் புரோகிராமர். யூஎஸ்பிஏஎஸ்பி என்ற மலிவான புரோகிராமரைத்தான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். அதைச் செருகியும் ஏவிஆர்டியூட் என்ற ஏற்றும் மென்பொருள் "கருவியைக் காணவில்லை" என்றால் சிப்பைப் பற்றி இன்னும் யோசிக்கவே வேண்டாம். தகவல் இன்னும் போர்டுக்குப் போகவே இல்லை.

முதலில் யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். ஃபோன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் தகவல் வயர்கள் இரண்டும் இருக்காது. லைட் எரியும், அவ்வளவுதான். விண்டோஸ் என்றால் டிரைவரை ஸடிக் என்ற சிறிய கருவியால் போட வேண்டியிருக்கும். லினக்ஸ் என்றால் அனுமதிப் பிரச்சினையா என்று பாருங்கள். ஒருமுறை சூடோ போட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். வேலை செய்தால் அந்தக் கருவிக்கு அனுமதி தரும் யூடெவ் விதி ஒன்று எழுதினால் போதும்.

யூஎஸ்பிஏஎஸ்பிக்குப் பதிலாக அர்டுயினோ ஊனோவைப் புரோகிராமராக்கியவர்களுக்கு வேறு ஒரு சிக்கல் வரும். ஏவிஆர்டியூட் போர்ட்டைத் திறந்தவுடன் ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் பதில் சொல்ல வருவது ஊனோவின் சொந்த பூட்லோடர் (சிப் தொடங்கியதும் ஓடி, புது நிரலை ஏற்றிக்கொள்ளும் சிறு நிரல்). "நாட் இன் சிங்க்" என்ற செய்தி அதனால்தான் வருகிறது. ஊனோவைப் புரோகிராமராக்கும் ஐஎஸ்பி ஸ்கெட்ச்சை ஏற்றி முடித்த பிறகு, ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றை வையுங்கள். மைனஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். வேகம் 19200 என்று கொடுங்கள். உபுண்டு 22.04இல் சிஎச்340 சிப் உள்ள அர்டுயினோ செருகியவுடன் மறைந்துபோகிறதா? பார்வையற்றோருக்கான பிரெயில் கருவியை ஆதரிக்கும் பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருள் அந்தப் போர்ட்டைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. அப்படியொரு கருவி உங்கள் வீட்டில் இல்லையென்றால் மட்டும் அதை நீக்குங்கள்.

புரோகிராமர் இருக்கிறது, ஆனால் சிப் பதில் சொல்லவில்லை

"டார்கெட் டஸ்ன்ட் ஆன்சர்" என்று வரும். அல்லது சிக்னேச்சர் மூன்று பைட்டும் 00 00 00 என்றோ எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் என்றோ வரும். அதிகம் பேர் கைவிடுகிற இடம் இதுதான். ஆகவே இங்கே ஆறுதலாக நின்று பார்ப்போம்.

முதல் வேலை: போர்டை கொமடோரிலிருந்து முழுவதும் கழற்றுங்கள், கொமடோரையும் டிரைவையும் இணைக்கும் ஐஇசி கேபிளையும் கேசட் போர்ட் இணைப்பையும் சேர்த்து. கொமடோர் அணைந்திருக்கிறதுதானே என்று விட்டுவிடாதீர்கள். யூஎஸ்பிஏஎஸ்பி தரும் 5 வோல்ட் கேசட் போர்ட் வழியாக அந்தப் பழைய மெஷின் முழுவதற்கும் ஏற முயலும். வோல்டேஜ் இறங்கிச் சிப் பதில் சொல்லாமல் போவது ஒரு பக்கம். அணைந்திருக்கிற பழைய மெஷினுக்குள் பின்பக்கமாகக் கரண்ட் ஏற்றுவது நல்லதல்ல என்பது மறுபக்கம்.

இரண்டாவது: எஸ்டி கார்டை வெளியே எடுங்கள். இதற்குக் காரணம் இரண்டு. புரோகிராமர் பேசுகிற மோசி, மிசோ, எஸ்சிகே என்ற அதே மூன்று வயர்களில்தான் கார்டும் பேசுகிறது. அத்துடன் கார்டு 3.3 வோல்ட் சாமான். உங்கள் போர்டில் ஏடிமெகாவும் 3.3 வோல்ட்டில் ஓடுகிறது என்றால், புரோகிராமரின் 5 வோல்ட் நேராகக் கார்டுக்குப் போகும். புரோகிராமரில் 3.3 வோல்ட் ஜம்பர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மலிவான பல யூஎஸ்பிஏஎஸ்பிகளில் அந்த ஜம்பர் சப்ளையை மட்டும் மாற்றும், சிக்னல் வயர்களில் 5 வோல்ட் அப்படியே இருக்கும்.

கார்டை எடுத்தும் சிக்கல் தீரவில்லை, நீங்கள் பயன்படுத்தியது அர்டுயினோவுக்கென்று விற்கும் சிறிய மைக்ரோ எஸ்டி மொடியூல் என்றால், அந்த மொடியூலையே சந்தேகப்படுங்கள். அவற்றில் பலவற்றில் 74எல்விசி125 என்ற பஃபர் சிப் ஒன்று இருக்கும். அதன் மிசோ வாயில் எப்போதும் திறந்தே இருக்கும்படி இணைத்திருப்பார்கள். கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மிசோ வயரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஏடிமெகா சரியாகத்தான் பதில் சொல்கிறது, ஆனால் அந்தப் பதில் புரோகிராமருக்குப் போய்ச் சேர்வதில்லை. உறுதி செய்ய, மொடியூலின் மிசோ வயரை மட்டும் கழற்றிவிட்டு சிக்னேச்சரை வாசித்துப் பாருங்கள். வந்துவிட்டால் காரணம் அதுதான். நிரந்தரத் தீர்வாக மொடியூலின் மிசோவுக்கும் ஏடிமெகாவின் 7ஆம் காலுக்கும் இடையில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். புரோகிராமரைச் செருகும் ஐஎஸ்பி ஹெடருக்குப் போகும் வயர் ஏடிமெகாவின் பக்கத்தில் இருக்க வேண்டும், மொடியூலின் பக்கத்தில் அல்ல. இதன் பிறகு புரோகிராம் செய்யும்போது ஏடிமெகாவின் குரல் வெல்லும், மற்ற நேரத்தில் கார்டின் குரலும் தடையின்றி வந்து சேரும்.

மூன்றாவது வேகம். புதிதாக வாங்கிய ஏடிமெகா 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். உள்ளே 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இருக்கிறது, ஆனால் தொழிற்சாலையில் அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸைப் போட்டே அனுப்புகிறார்கள். ஐஎஸ்பி கடிகாரம் சிப்பின் வேகத்தில் காற்பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. யூஎஸ்பிஏஎஸ்பி நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 375 கிலோஹெர்ட்ஸில் பேசத் தொடங்கும். புதுச் சிப்புக்கு அது விளங்காது. ஏவிஆர்டியூட் கட்டளையில் பெரிய பி ஆப்ஷனுக்கு 10 என்று கொடுங்கள். அது பத்து மைக்ரோசெகண்ட், ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸ். "எஸ்சிகே பீரியடை அமைக்க முடியவில்லை" என்று எச்சரிக்கை வந்தால் உங்கள் யூஎஸ்பிஏஎஸ்பியில் பழைய ஃபர்ம்வேர் இருக்கிறது என்று அர்த்தம். அந்த எச்சரிக்கையால் தீங்கில்லை. ஆனால் வேகம் குறையவில்லை, அதனால் போர்டிலுள்ள ஸ்லோ ஜம்பரைச் செருகிக்கொள்ளுங்கள்.

புதுச் சிப் வாங்கியவர்கள் அதைப் பழுது என்று தூக்கி வைப்பதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இந்த வேகம்தான். வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டும் செய்து பாருங்கள்.

இனி வயரிங். மல்டிமீட்டரை எடுத்து, ஐஎஸ்பி ஹெடரிலிருந்து சிப்பின் காலுக்கே நேராகச் சோதியுங்கள். சொக்கட்டின் கால் போதாது, சிப்பின் உலோகக் காலையே தொட வேண்டும். மோசி 6ஆம் கால், மிசோ 7, எஸ்சிகே 8, ரீசெட் 9, விசிசி (சப்ளை) 10, கிரவுண்ட் 11. ஆறு முனை ஹெடரில் 1 மிசோ, 2 விசிசி, 3 எஸ்சிகே, 4 மோசி, 5 ரீசெட், 6 கிரவுண்ட். யூஎஸ்பிஏஎஸ்பியில் இருப்பதோ பத்து முனை ஹெடர்; அதில் 1 மோசி, 2 விசிசி, 5 ரீசெட், 7 எஸ்சிகே, 9 மிசோ, 10 கிரவுண்ட். பத்திலிருந்து ஆறுக்கு நாமே வயர் கட்டும்போது மோசியும் மிசோவும் இடம் மாறிப்போவது மிகச் சாதாரணம். இங்கே மோசி மோசியுடன், மிசோ மிசோவுடன். சீரியல் போர்ட்டில் செய்வதுபோல் குறுக்கே மாற்றக் கூடாது.

ரீசெட் காலில் 10 கிலோஓம் புல்அப் இருக்கட்டும். அதே காலில் யாராவது பெரிய கபாசிட்டரை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ரீசெட் வேகமாகக் கீழே இறங்கவில்லையென்றால் சிப் புரோகிராமிங் நிலைக்கு வராது. விசிசிக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் கபாசிட்டர் ஒன்று கட்டாயம். 30ஆம் கால் ஏவிசிசி, 31ஆம் கால் இன்னொரு கிரவுண்ட். இந்த இரண்டையும் இணைத்திருக்கிறீர்களா? இதைப் பற்றிக் கீழே மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஊருக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளி, டச்சுக்குடாப் பக்கம் கடலோரமாக இருக்கிறவர்களின் வீட்டுக்குள் உப்புக்காற்று வராத நாள் இல்லை. ஒக்டோபரில் வாடைக்காற்று தொடங்கி மழையும் சேர்ந்துவிட்டால் ஈரம் தை மாதம் வரை போகாது. மலிவான ஐசி சொக்கட்டுகள், ஹெடர் முனைகள், பிரெட்போர்டின் உள்ளே இருக்கும் கவ்விகள் எல்லாம் சில மாதங்களில் மங்கிப் பச்சை பிடிக்கும். மல்டிமீட்டரில் "பீப்" கேட்கும், ஆனாலும் வேகமான சிக்னல் ஒழுங்காகப் போகாது. சிப்பைச் சொக்கட்டிலிருந்து மெதுவாக நெம்பி எடுத்து, கால்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, திரும்ப அழுத்திச் செருகிவிட்டு வாசித்துப் பாருங்கள். சொக்கட் வாங்கும்போது கடைந்தெடுத்த வட்டத் துளை உள்ளதை வாங்குவது இங்கே காசு கொஞ்சம் கூடினாலும் பெறுமதியானது. வேலை இல்லாத நேரத்தில் போர்டை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள்.

சிக்னேச்சர் வருகிறது, ஆனால் எதிர்பார்த்தது அல்ல

நல்ல செய்தி: சிப் உயிரோடு இருக்கிறது, வயரிங்கும் சரி. ஏடிமெகா1284பி என்றால் 1ஈ 97 05 வரவேண்டும். 644பி என்றால் 1ஈ 96 0ஏ. பி இல்லாத 644 என்றால் 1ஈ 96 09, பி இல்லாத 1284 என்றால் 1ஈ 97 06. கடைசி பைட் மட்டும் மாறினால் நீங்கள் கட்டளையில் கொடுத்த பெயர் பிழை, அல்லது சிப்பின் முதுகில் அச்சிட்டிருப்பது பிழை. சிப் சொல்வதையே நம்புங்கள். அந்தப் பெயருக்குரிய ஃபர்ம்வேரை எடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால் அது சத்தம், அதாவது வயர் நீளம், கிரவுண்ட் சரியில்லை, அல்லது வேகம் கூட. பெரிய எஃப் ஆப்ஷனைக் கொடுத்து சிக்னேச்சர் சோதனையைத் தாண்டிப் போகச் சொல்லும் ஆலோசனை பல இடங்களில் கிடைக்கும். ஃபியூஸ் எழுதும்போது அதைச் செய்யவே வேண்டாம். வாசிப்பே பிழையாக இருக்கிற வயரில் எழுதுவது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுதி முடிந்தது, சரிபார்ப்பில் ஒத்துவரவில்லை

இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் பைட்டிலேயே ஒத்துவரவில்லை என்றால் அழிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். சிறிய ஈ ஆப்ஷனால் முழுச் சிப்பையும் அழித்துவிட்டு எழுதுங்கள். வாசிப்பதையும் எழுதுவதையும் தடுக்கும் லொக் பிட் போட்ட பழைய சிப்பும் இப்படிக் காட்டும், அதற்கும் முழுதாக அழிப்பதே மருந்து. நடுவில் எங்கேயோ ஒத்துவராமல், அந்த இடமும் ஒவ்வொரு தடவை மாறினால் கரண்டும் வயருமே காரணம். கேபிளைக் குட்டையாக்குங்கள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.

ஃபியூஸ் மாற்றிய பிறகு சிப் கதைக்கவே இல்லை

இதுதான் எல்லோரும் பயப்படுகிற இடம். ஆனால் 644பி, 1284பி வைத்திருப்பவர்கள் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. அர்டுயினோ ஊனோவிலுள்ள 328பி சிப்பில் ரீசெட் காலையே முடக்கிவிடும் ஃபியூஸ் ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் சாதாரணப் புரோகிராமரால் மீட்க முடியாது. நம்முடைய நாற்பது கால் சிப்பில் அந்த ஃபியூஸே கிடையாது. ஐஎஸ்பியை இயக்கும் எஸ்பிஐஇஎன் பிட்டையும் ஐஎஸ்பி வழியாக மாற்ற முடியாது. அப்படியானால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுதான்: கடிகாரம். இல்லாத கடிகாரம் ஒன்றைச் சிப் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஃபியூஸில் 0 என்றால் போடப்பட்டது, 1 என்றால் போடப்படாதது. நாம் சாதாரணமாக நினைப்பதற்கு எதிர்மாறு. சிலர் கணக்குப் போடும்போது தலைகீழாக்கி, கிரிஸ்டலுக்குப் பதில் வெளிக் கடிகாரத்தைத் தேர்ந்துவிடுவார்கள்.

கிரிஸ்டல் என்று சரியாகத் தேர்ந்திருந்தும் கிரிஸ்டலை இன்னும் சோல்டர் செய்யவில்லை என்றால், 12ஆம் 13ஆம் கால்களுக்கு இடையில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் இரண்டு பக்கமும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கபாசிட்டர்களையும் வையுங்கள். சிப் எழும்பிவிடும்.

வெளிக் கடிகாரத்தைத் தேர்ந்துவிட்டால் அதை நாமே கொடுக்க வேண்டும். இன்னொரு அர்டுயினோ ஊனோ போதும். அதன் டைமர் 1ஐ, ஒப்பீட்டு எண்ணை அடைந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பும் முறையில், வகுத்தல் ஏதும் இல்லாமல், ஒப்பீட்டு எண் 7 என்று வைத்து, 9ஆம் காலை ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்லுங்கள். 16 மெகாஹெர்ட்ஸை 16ஆல் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை வரும். அதை ஏடிமெகாவின் 13ஆம் காலுக்குக் கொடுங்கள். இரண்டு போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறக்க வேண்டாம். போர்டு 3.3 வோல்ட் என்றால் இந்த மீட்பு வேலைக்கு மட்டும் சிப்பைச் சொக்கட்டிலிருந்து எடுத்து, பிரெட்போர்டில் வைத்து 5 வோல்ட் கொடுத்துச் செய்வது பாதுகாப்பு. பி ஆப்ஷன் 10, சிக்னேச்சர் வாசிப்பு. பதில் வந்தவுடன் ஃபியூஸைச் சரியாக்குங்கள்.

சரி, எதை எழுதுவது? பூட்லோடர் இல்லாமல், 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுடன், 1284பிக்கு நான் எழுதுவது: லோ ஃபியூஸ் எஃப்7, ஹை ஃபியூஸ் டி1, எக்ஸ்டெண்டட் ஃபியூஸ் எஃப்டி. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

லோ ஃபியூஸில் எஃப்எஃப் போட்டாலும் கிரிஸ்டல் ஓடும், ஆனால் அது குறைந்த சக்தி ஆசிலேட்டர். 1284பியில் 13ஆம் காலுக்குப் பக்கத்திலேயே 14ஆம் காலில் சீரியல் உள்வரும் வயர் இருக்கிறது. அங்கே ஓடும் சிக்னல் கிரிஸ்டலைக் குழப்பிச் சிப்பை நிறுத்திவிடுவது பலரும் கண்ட பிரச்சினை. எஃப்7 என்றால் ஆசிலேட்டர் முழு வீச்சில் ஆடும், அந்தத் தொந்தரவு இல்லை.

ஹை ஃபியூஸ் புதுச் சிப்பில் 99 என்று வரும். அதில் ஜேடேக் என்ற சோதனை இணைப்பு இயங்கும் நிலையில் இருக்கிறது. பிசி2 முதல் பிசி5 வரையான நான்கு கால்களையும் அது பிடித்துக்கொள்ளும். உங்கள் போர்டில் அந்தக் கால்களில் எல்இடியோ பட்டனோ இருந்தால், ஃபர்ம்வேர் ஏறியும் அவை அசையாது. டி1 ஜேடேக்கை அணைக்கிறது. அத்துடன் சிப்பை அழிக்கும்போது ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) உள்ளதைக் காக்கிறது. எக்ஸ்டெண்டட் ஃபியூஸைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

எல்லாம் ஏறிவிட்டது, கொமடோர் "டிவைஸ் நாட் ப்ரெசென்ட்" என்கிறது

இனி புரோகிராமரை எடுத்து வையுங்கள். எல்இடி எப்படி நடந்துகொள்கிறது என்று வடிவாகப் பாருங்கள். எதுவுமே எரியவில்லை, அல்லது எரிய வேண்டாதது எரிகிறது என்றால், ஃபர்ம்வேர் வேறு போர்டுக்கு உரியதாக இருக்கக்கூடும். எஸ்டி2ஐஇசி ஃபர்ம்வேர் ஒவ்வொரு போர்டு வடிவத்துக்கும் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாகக் கட்டப்படுகிறது. கோப்பின் பெயரிலேயே இரண்டும் இருக்கும். லார்ஸ்பி வடிவத்துக்குக் கட்டியதை ஷேடோவுல்ஃப் வடிவத்தில் ஏற்றினால் சரிபார்ப்பில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் சிப் வேறு கால்களோடு பேசிக்கொண்டிருக்கும்.

எல்இடி சரி, ஐஇசி மட்டும் இல்லை என்றால், மேலே சொன்ன ஏவிசிசிக்கு வருவோம். இந்தச் சிப்பில் போர்ட் ஏ-யின் எட்டுக் கால்களுக்கும் சக்தி வருவது 30ஆம் கால் வழியாக. அனலொக் வேலை எதுவும் இல்லையே என்று அந்தக் காலை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சிக்னேச்சர் வரும், ஃபியூஸ் எழுதலாம், ஃபர்ம்வேரும் ஏறும், ஏனெனில் அதெல்லாம் போர்ட் பி-யில் நடக்கிறது. ஆனால் ஐஇசி வயர்கள் போர்ட் ஏ-யில் இருக்கும் வடிவங்களில் கொமடோருக்கு எதுவும் கேட்காது. 30ஐ விசிசியுடனும் 31ஐ கிரவுண்டுடனும் சேர்த்து, பக்கத்தில் ஒரு 100 நானோஃபாரட் வையுங்கள்.

பிறகு கேபிள். ஆறு முனை டின் பிளக்கில் 2 கிரவுண்ட், 3 ஏடிஎன், 4 கிளொக், 5 டேட்டா, 6 ரீசெட். பிளக்கின் சோல்டர் பக்கமும் முகப்பும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், எண்களை எந்தப் பக்கமிருந்து எண்ணுகிறீர்கள் என்று கவனியுங்கள். கொமடோரை ஓன் செய்து, சும்மா இருக்கும்போது 3, 4, 5ஆம் முனைகளை கிரவுண்டுடன் அளந்தால் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். உங்கள் கருவியைச் செருகியவுடன் ஏதாவது ஒன்று பூச்சியத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால், அந்த வயரை உங்கள் போர்டு பிடித்து வைத்திருக்கிறது: ஷோர்ட், அல்லது இன்வெர்ட்டர் சிப் இருக்கும் போர்டுக்கு இன்வெர்ட்டர் இல்லாத ஃபர்ம்வேர். டேட்டா வயர் இப்படி இறங்கி நின்றால் பிழைச்செய்தி வராது. லோட் "$",8 கொடுத்ததும் "சேர்ச்சிங்" என்று போட்டுவிட்டு அப்படியே நிற்கும். இரண்டு அறிகுறிக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். ஒன்றில் உங்கள் கருவி அங்கே இருப்பதே கொமடோருக்குத் தெரியவில்லை. மற்றதில் தெரிகிறது, ஆனால் வயர் விடுபடவில்லை.

சக்தியைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஐஇசி கேபிளில் 5 வோல்ட் கிடையாது. அதனால் பலர் கேசட் போர்ட்டிலிருந்து எடுக்கிறோம். அதில் 1 கிரவுண்ட், 2 ஐந்து வோல்ட், 3 கேசட் மோட்டருக்குரியது. மோட்டர் வயரில் 5 வோல்ட்டுக்கு மேலும் வரும், ஆகவே கனெக்டர் ஒரு முனை தள்ளிப் போகாதபடி தடுப்புக் கட்டை இருக்கிற கனெக்டரையே வாங்குங்கள். அடுத்தது கொமடோரின் பழைய கறுத்தப் பவர் சப்ளை. அதன் உள்ளே ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் ஏறிக்கொண்டே போகும். கொமடோரின் ராமும் போகும், 6 வோல்ட்டைத் தாங்காத ஏடிமெகாவும் போகும். மெஷினில் செருகும் முன் அளந்து பாருங்கள், 5.25க்கு மேல் வந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். லண்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த மெஷின் நம் கரண்டுக்குப் பொருந்தும். கனடாவிலிருந்து வந்ததென்றால் அந்தப் பவர் சப்ளை 120 வோல்ட்டுக்கு உரியது, நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகக் கூடாது.

கருவி பதில் சொல்கிறது, கார்டை மட்டும் படிக்கவில்லை

கார்டு ஃபேட்16 அல்லது ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் ஆகவே வரும், அது உதவாது. 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117 என்றால் அதன் வெளியில் 22 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கார்டு எழுதத் தொடங்கும் நேரத்தில் வோல்டேஜ் தடுமாறும். புதுப் பதிப்பு ஃபர்ம்வேர் கோப்பைக் கார்டில் போட்டும் ஏறவில்லை என்பவர்களுக்கு: அந்த வழி பூட்லோடர் உள்ள சிப்பில் மட்டுமே நடக்கும். மேலே தந்த ஃபியூஸ் பூட்லோடர் இல்லாத சிப்புக்கு.

டைரக்டரி வருகிறது, சில கேம் மட்டும் நின்றுவிடுகிறது

லோட் "$",8 கொடுத்து லிஸ்ட் அடித்தால் பெயர்கள் எல்லாம் வருகின்றன, சாதாரண லோடும் நடக்கிறது, ஃபாஸ்ட்லோடர் (வேகமாக லோட் செய்யும் நிரல்) போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் முதலில் கடிகாரத்தைச் சோதியுங்கள். ஃபாஸ்ட்லோடர்களில் பல, பிட்களைக் கைகுலுக்கல் இல்லாமல் நேரக் கணக்கிலேயே அனுப்புபவை. உள் ஆசிலேட்டரின் தொழிற்சாலைத் துல்லியம் பத்து சதவீதம் வரை முன்பின் போகும். சாதாரண லோடுக்கு அது தாங்கும், இதற்குத் தாங்காது. லோ ஃபியூஸை வாசித்துப் பாருங்கள். ஈ2 என்று வந்தால் கிரிஸ்டல் போர்டில் சும்மா இருக்கிறது, சிப் உள் ஆசிலேட்டரில் ஓடுகிறது.

கிரிஸ்டல் சரியாக ஓடியும் ஒரு குறிப்பிட்ட கேம் மட்டும் நின்றால், உங்கள் வேலையில் பிழை இல்லை. எஸ்டி2ஐஇசி 1541ஐப் போல் பேசும், ஆனால் 1541க்குள் இருந்த 6502 அதில் இல்லை. டிரைவுக்குள் தன் சொந்த நிரலை அனுப்பி ஓட்டும் கேம்களை, அந்த நிரல் ஃபர்ம்வேருக்கு முன்பே தெரிந்ததாக இருந்தால் மட்டுமே சமாளிக்கும். ஜிஃபிடோஸ், டர்போடிஸ்க், ஃபைனல் காட்ரிட்ஜ் 3 போன்றவை அதற்குத் தெரியும். தெரியாத ஒன்றுக்காகப் போர்டைக் கழற்றிச் சோல்டரைத் திரும்ப உருக்காதீர்கள். அதே கேமின் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

டிவைஸ் எண் மறந்துபோகிறது

எண்ணை 8இலிருந்து 9க்கு மாற்றி, ஓப்பன் 1,9,15,"எக்ஸ்டபிள்யூ" கொடுத்துச் சேமித்து வைத்திருப்பீர்கள். கரண்ட் போய் வந்த பிறகு பார்த்தால் பழையபடி 8. மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிற நாட்களில் இது நடக்கும். சப்ளை இறங்கிக்கொண்டிருக்கும்போது சிப் அரைகுறை வோல்டேஜில் ஓடி, ஈஈப்ராமைக் கெடுத்துவிடுகிறது.

எக்ஸ்டெண்டட் ஃபியூஸ் எஃப்டி இதற்காகத்தான். புதுச் சிப்பில் அது எஃப்எஃப். வோல்டேஜ் காவல் அணைந்திருக்கும். எஃப்டி என்றால் 2.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் சிப் ரீசெட்டில் நின்றுவிடும். போர்டு முழுவதும் 5 வோல்ட்டில் ஓடுகிறது என்றால் எஃப்சி போட்டு எல்லையை 4.3க்கு உயர்த்தலாம். 3.3 வோல்ட் போர்டில் எஃப்சி போட்டால் சிப் எழும்பவே எழும்பாது. அப்படி ஆகிவிட்டால் சிப்பைத் தனியே எடுத்து 5 வோல்ட் கொடுத்து எஃப்டி எழுதி, எக்ஸ்டபிள்யூ கட்டளையை இன்னொரு தடவை கொடுங்கள்.